இருபது கிலோ கல்

ஈரத் துணியைப் பிழிந்து, கரும்பலகையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுக்கிறார் நரசிம்மலு. குறுக்கே துடைக்க மாட்டார். குறுக்கே துடைத்தால் பழைய செய்தியின் வெளுப்பு புதுச் செய்தியின் மேல் ஏறிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். பலகை உலரத் தோள் துண்டால் விசிறுகிறார். சாக்பீஸின் முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்குகிறார். உச்சியில் சின்னதாக ஒரு நாமம். அதற்குக் கீழே நட்டநடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் ‘நடந்தது’. வலப்பக்கம் ‘நடக்கப் போவது’.

நடந்ததில் எழுதுகிறார்: ‘யூனுஸ் மாஸ்டருக்குக் கால் பிசகிவிட்டது. ஆனாலும் வகுப்பு உண்டு.’ நடக்கப் போவதில் எழுதுகிறார்: ‘ஞாயிறு காலை பச்சை பெல்ட் தேர்வு. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். அந்தியூர்க் குதிரைச் சந்தையில் நம் பிள்ளைகள் ஓடு உடைத்துக் காட்டுகிறார்கள். பெற்றோர் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு கூடவே வரலாம்.’ எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் வந்து பார்ப்பார். பிறகு சாலையில் சைக்கிளில் போகிற யாரையாவது நிறுத்தி, “ஏனுங், சேதி பாத்தீங்ளா?” என்று கேட்பார். பார்க்காவிட்டால் விடமாட்டார்.

சௌரிபாளையத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் அவருடைய பழைய பேப்பர் கடை. அந்தப் பக்கம், மூடிப்போன ஒரு மில்லின் குடியிருப்பு மைதானம். அங்கேதான் தினமும் சாயங்காலம் டேக்வாண்டோ வகுப்பு நடக்கிறது. கற்றுக்கொடுப்பவர் உக்கடத்துக்காரர் யூனுஸ். பகலெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்துவிட்டு, மேலெல்லாம் எண்ணெய் வாடையோடு மொபெட்டில் வந்து இறங்கி, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டால் வேறு ஆளாகிவிடுவார். வகுப்புக்கு அலுவலகம் கிடையாது, தொலைபேசி கிடையாது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எந்தச் சேதி போய்ச் சேர வேண்டுமென்றாலும் நரசிம்மலுவின் பலகைதான். அந்தப் பலகையும் பழைய சாமானாக வந்ததுதான். மூடிவிட்டுப் போன டியூஷன் சென்டரின் சொத்து.

கடைக்கு வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு வாயைக் கொடுப்பார்கள்.

“ஏனுங், உங்கூட்டுப் பொண்ணும் கராத்தேங்ளா?”

“கராத்தே இல்லீங். அது ஜப்பான். இது கொரியாங். அதுல கை ஓங்கும், இதுல காலு ஓங்கும்.”

“கொரியாவா? அது எங்கீங் இருக்குது?”

“இக்கட்ட சீனா, அக்கட்ட ஜப்பான். நடுவால நம்ம வாளையாறு செக்போஸ்ட்டு மாதிரின்னு வெச்சுக்கங்களே.”

ஐம்பதை நெருங்கும் வயது. நாள் முழுக்கச் செய்தித்தாளைக் கட்டிக் கட்டி விரல் நுனியெல்லாம் மை ஏறிக் கறுத்திருக்கும். வீட்டில் பேசுகிற தெலுங்கு கடையில் வெளியே வராது. ரொம்பவும் பதறினால் மட்டும் ஒரு ‘தேவுடா’ வரும். காகிதத்தின் மேல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். காகிதத்தை விற்றுப் பிழைக்கிறவருக்கு இது ஒரு நாளில் எத்தனை தடவை நேரும் என்று நினைத்துப் பாருங்கள். குனிந்து குனிந்து நிமிர்வதே அவருக்கு ஓர் உடற்பயிற்சி.

கல்யாணப் பத்திரிகைகள் மூட்டையில் வந்தால் முதலில் கத்தரியைத் தேடுவார். பத்திரிகையின் நெற்றியில் இருக்கிற பிள்ளையாரையும் முருகனையும் பெருமாளையும் தனியே வெட்டி எடுத்து, ஓர் உரச் சாக்கில் சேர்த்துவைப்பார். “சாமியக் கொண்டுபோயி அரைக்கற மிசின்ல போடறதுங்ளா? ஆகாதுங்.” ஆடி பிறந்து நொய்யலில் தண்ணீர் வந்ததும் அந்தச் சாக்கைப் பேரூர்ப் படித்துறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சாமியாகத் தண்ணீரில் விடுவார். மசூதிப் படம் போட்ட பெருநாள் வாழ்த்து அட்டை வந்தால் யூனுஸிடம் சேர்த்துவிடுவார். மாதா படம் வந்தால் டீக்கடை அந்தோணிக்கு. எந்தச் சாமியும் தம் கடையில் மிதிபட்டுவிடக் கூடாது.

இவ்வளவு பயபக்தி உள்ள மனிதரின் கடையில் இருபது கிலோக் கல் இரண்டு இருந்தன.

உத்தரத்திலிருந்து தொங்குகிற பெரிய தராசு அவருடையது. இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு. ஒன்றில் மூட்டை, மற்றதில் இரும்புக் கற்கள். மாமனார் கடையை ஒப்படைத்த நாளில் இருபது கிலோக் கற்கள் இரண்டையும் அருகருகே வைத்து, “இது கடைக்கு, இது முத்திரைக்கு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நரசிம்மலுவும் கேட்கவில்லை. கடைக்கல்லின் அடியில் இருக்கிற குழியில் கூடுதலாக ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தது. ஒரு கிலோ கனம் அதிகம். கல் கனத்தால், அதற்குச் சமமாக நிற்க மூட்டையும் கனத்தாக வேண்டும். இருபத்தொரு கிலோப் பேப்பர் அந்தத் தட்டில் இருபது என்று பேர் வாங்கிக்கொண்டு இறங்கும். பார்வைக்கு இரண்டு கல்லும் ஒன்றுதான்.

சரியான கல்லை மஞ்சள் துணியில் முடிந்து, பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிற அதிகாரி வரும் நாளில் அது வெளியே வரும். சனிக்கிழமைகளில் பெருமாளுக்குக் காட்டுகிற சாம்பிராணி அதற்கும் கொஞ்சம் கிடைக்கும். மனதுக்குள் அதற்கு அவர் வைத்திருந்த பேர் சாமிக்கல்.

டேக்வாண்டோவில் எடை பார்த்துத்தான் மோதவிடுவார்கள். முப்பத்தாறு கிலோவுக்குள் என்றால் முப்பத்தாறுக்குள்தான். ஒரு பிடி கூடினாலும் களத்துக்குள் கால் வைக்க முடியாது. போட்டிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்க யூனுஸ் முதல்முதலாகச் சாலையைக் கடந்து வந்து, “அண்ணா, உங்க தராசுல இதுகளச் சித்தப் போட்டுப் பாக்கலாங்ளா?” என்று கேட்ட அன்று, நரசிம்மலு கடைக்கல்லைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பெருமாள் படத்துக்குப் பின்னால் கைவிட்டு மஞ்சள் முடிச்சை அவிழ்த்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ‘நடக்கப் போவது: இன்று எடை’ என்று பலகையில் எழுதிய கையோடு கல்லை மாற்றிவிடுவார். பிள்ளைகள் வரும்போது சாமிக்கல் தட்டில் தயாராக உட்கார்ந்திருக்கும். வெள்ளை உடுப்பும் வண்ண பெல்ட்டுமாக ஒவ்வொருவராகத் தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்காருவார்கள். சங்கிலி கிறீச்சிடும். பேங்க் காலனி வீடுகளில் பழைய பேப்பர் சேர்த்துக் கோணிப்பையில் கொண்டுவரும் வள்ளியாத்தாள் அங்கே இருந்துவிட்டால் சிரிப்புத்தான்.

“துலாபாரமுங்ளா மொதலாளி? எதுக்கு எது நேந்திருக்குது? வாழப்பழமா, சக்கரையா?”

“கொரியாக்காரனுக்கு நேந்திருக்குதுங் ஆத்தா. ஓடுதான் தராசு நெறைய.”

“நேந்தா இங்கதான் நேரோணும். மத்த கடையில ரண்டு தடவ நிறுத்தா ரண்டு எடை சொல்றானுங்க. உங்குளுது சாமி வாக்காட்டம் ஒரே வாக்கு.”

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நரசிம்மலு சணல் கயிற்றைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

வகுப்பில் அவர் மகள் பூஜிதாவும் இருந்தாள். ஏழாம் வகுப்பு. ஒல்லி உடம்பு, நீளக் கால். அவள் உதைக்கிற உதை கை உறையில் விழுகிற சத்தம் சாலையைத் தாண்டிக் கடைக்குள் கேட்கும். அவர் நிமிராமலே, “இது என்ற புள்ள” என்பார். அவருக்கு அந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது உதையல்ல, வணக்கம். மாஸ்டர் “சாரியட்” என்றால் நேராக நிற்க வேண்டும். “கியூங்னே” என்றால் கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். மோதுவதற்கு முன்னாலும் குனிய வேண்டும், மோதி முடித்த பின்னாலும் குனிய வேண்டும். இதில் யூனுஸ் தாமாக ஒரு சட்டம் சேர்த்திருந்தார். தவறாக அடித்துவிட்டவர் எதிராளியிடம் போய்க் குனிய வேண்டும். எதிராளி திரும்பக் குனிகிற வரைக்கும் நிமிரக் கூடாது.

“அவன் குனியவே மாட்டேன்னுட்டா என்னுங் பண்றது?” என்று நரசிம்மலு ஒரு நாள் கேட்டார்.

“நிக்கோணுங் அண்ணா” என்றார் யூனுஸ். “தப்பு பண்ணவனுக்கு என்ன அவசரம்?”

இந்தத் தொண்ணூற்றாறு மே மாதம் சேலத்தில் மாநிலப் போட்டி. முப்பத்தாறு கிலோவுக்குள் சிறுமியர் பிரிவுக்குப் பூஜிதாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நரசிம்மலு பலகையில் ‘பூஜிதா’ என்று எழுதி, பக்கத்தில் ‘கடைக்காரர் மகள்’ என்று சேர்த்து, வெட்கப்பட்டு அழித்து, மறுநாள் பொறுக்க மாட்டாமல் மறுபடி எழுதினார்.

பரீட்சை முடிந்த பருவம் பழைய பேப்பர் கடைக்கு அறுவடைக் காலம். ஊரில் இருக்கிற நோட்டும் புத்தகமும் மூட்டை மூட்டையாக வந்து விழும். சேலத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரு பள்ளி விடுதியின் நோட்டுகள் லாரியில் வந்து நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்தி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். நரசிம்மலு மூட்டையை ஏற்றுவதும் கல்லைச் சரிபார்ப்பதும் இறக்குவதுமாக வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், யாரும் சொல்லாமல் கொள்ளாமல் பூஜிதா சாலையைக் கடந்து ஓடிவந்தாள்.

“அப்பா, மாஸ்டர் கடைசியா ஒருக்கா எடை பாத்துட்டு வரச் சொன்னாருப்பா.”

“இரு கண்ணு, இந்த லோடு எறங்கட்டும்.”

“அது எறங்கறக்குள்ள நாளைக்கே ஆயிரும். என்னைய ஒரு நிமிசம் நிறுத்துப்போட்டு விடுங்க.”

ஒரு மூட்டை இறங்கி அடுத்த மூட்டை ஏறுவதற்குள் அவள் தட்டில் தாவி உட்கார்ந்துவிட்டாள். எதிர்த் தட்டில் ஏற்கெனவே இருபது கிலோக் கல் இருந்தது. அதன் பக்கத்தில் சின்னக் கற்களை அடுக்கினார். முள் நடுவில் வந்து நின்றது.

“முப்பத்தஞ்சரை! அரைக் கிலோ மிச்சங் கெடக்குது அம்மணி. பட்டினி கெடந்தது போதும். ராத்திரிக்கு நல்லாத் தின்னு. வெறும் வயித்தோட போயி நின்னா காலு நடுங்கிப் போயிரும்.”

பிள்ளை குதித்துக்கொண்டு ஓடினாள். பத்து நாளாக அரை வயிற்றுச் சோறு போட்டுவந்த தாய் அம்புஜம் அன்று மகளுக்கு நெய் விட்டுப் பிசைந்து போட்டாள்.

சேலம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் கூட வந்த பிள்ளைகள் உப்பு மிளகாய் தடவிய மாங்காய்க் கீற்று வாங்கினார்கள். பூஜிதா ஒரே ஒரு கீற்றை எடுத்துக் கடித்தாள். மைதானத்து அறையில் எடை மெஷின் இருந்தது. சிவப்பு எண்கள் ஓடிவந்து நிற்கிற மெஷின். அவள் ஏறினாள். முப்பத்தாறரை காட்டியது.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். யூனுஸ் எங்கேயோ போய் ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வாங்கிவந்து பிள்ளைக்கு மாட்டிவிட்டார். சேலத்து மே மாத வெயிலில் பூஜிதா மைதானத்தைச் சுற்றி ஓடினாள். எச்சிலைத் துப்பிக்கொண்டே ஓடினாள். அதிலும் எடை குறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நரசிம்மலு வேப்பமரத்தடியில் அவளுடைய தண்ணீர்ப் பாட்டிலை மூடி திறக்காமல் பிடித்துக்கொண்டு, “ஓடு அம்மணி, உடாத ஓடு” என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்றில் பிள்ளை அவரைக் கடந்து போகும்போது அவருடைய குரல் நின்றுபோயிற்று. கண் முன்னால் கடை தெரிந்தது. பெருமாள் படம் தெரிந்தது. படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணி தெரிந்தது. போன சனிக்கிழமை சாம்பிராணி காட்டிவிட்டுப் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அதை அவர் அவிழ்க்கவே இல்லை.

“தேவுடா” என்று மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பூஜிதா மறுபடி மெஷினில் ஏறினாள். ரிப்பனைக் கழற்றி வைத்தாள். காதில் கிடந்த பொட்டுத் தோட்டையும் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். எல்லாவற்றையும் கழற்றியும் நூறு கிராம் அதிகம் நின்றது.

யூனுஸ் முழங்காலிட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். கோபமில்லை, தாங்க முடியாமல்தான் கேட்டார். “என்ன கண்ணு தின்ன? நேத்து அரைக் கிலோ மிச்சம் இருந்துச்சே?”

“ஒரே ஒரு கீத்து மாங்கா மாஸ்டர்.” சொல்லிவிட்டு அவள் மெஷினில் நின்ற எண்ணைப் பார்த்தாள். அந்த நூறு கிராமைப் பார்த்தாள். அந்தக் கீற்றுதான் இது என்று அப்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள். முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

நரசிம்மலு வாயைத் திறந்தார்.

“நேத்துச் சரியாத்தானுங் அண்ணா பாத்தீங்க?” என்று யூனுஸ் திரும்பினார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். “சே, உங்க தராசு எதுக்குத் தப்புது?”

திறந்த வாய் மூடிக்கொண்டது. உள்ளங்கையில் இரண்டு பொட்டுத் தோடும் குத்திக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பிய மறுநாள் பிள்ளைகள் பலகை முன்னால் கூட்டமாக நின்றார்கள். ‘நடந்தது’ எழுதியாக வேண்டும். ‘சேலம்: எடை கூடிவிட்டதால் பூஜிதா மோத முடியவில்லை’ என்று எழுதினார். ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதி முடித்து இரண்டடி பின்னால் வந்து அவர் பார்க்கவில்லை. சேதி பார்த்தீர்களா என்று யாரையும் நிறுத்திக் கேட்கவும் இல்லை.

அன்றைக்கே கடைக்கல்லைத் தூக்கி மூலையில் சாக்குகளுக்கு அடியில் தள்ளினார். சாமிக்கல்லைத் துணியிலிருந்து அவிழ்த்து எல்லாருக்கும் அதையே வைத்தார். சில நாள் கழித்து வள்ளியாத்தாள் தராசு முள்ளை உற்றுப் பார்த்தாள்.

“இப்பெல்லாம் என்ற மூட்டை கனமா நிக்குதுங்.”

“மழையீரமுங் ஆத்தா. பேப்பரு தண்ணி குடிச்சிருக்கும்.”

“நல்ல மழைங். உங்க கடையில மட்டும் பேயுது.”

கல்லை மறைத்துவிட்டால் பாவமும் அதோடு போய்விடும் என்று அவர் நம்பிப் பார்த்தார். சனிக்கிழமை பெருமாள் முன்னால் கண்ணை மூடினால் பெருமாள் தெரியவில்லை. மழைக்கோட்டுக்குள் பிள்ளை ஓடுவதுதான் தெரிந்தது.

வீட்டில் அம்புஜம் முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள், “ஒரு கீத்து மாங்காய்க்கு நாக்கக் கட்ட முடியாம போயிருச்சு பாரு உனக்கு” என்று. பிறகு அதுவே வாய்ப்பாடாகிவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் “மாங்கா” என்று பட்டப்பேர் வைத்தார்கள். பூஜிதா கோபித்துக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள். தட்டில் சோறு மிச்சமாகத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே தராசில் ஏறி உட்காருவாள்.

“நிறுங்கப்பா.”

சாமிக்கல் உள்ளதைத்தான் சொன்னது. வளர்கிற உடம்பு, முப்பத்தாறரை, முப்பத்தேழு என்று போயிற்று. இப்போது அவர் காட்டுகிற சரியான எடையே பிள்ளையைப் பட்டினி போட்டது.

“சாப்புடு கண்ணு. வளர்ற வயசு.”

“சேலத்துக்கு முந்தி முப்பத்தஞ்சரைதானப்பா இருந்தேன்? அப்ப அடக்கின வாய இப்ப அடக்க முடியாதா?”

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கல் தெரியும். கல் தெரிந்தால் கடை தெரியும். கடை தெரிந்தால், இந்தப் பிள்ளை சாப்பிட்டு வளர்ந்த சோறும் தெரிந்துவிடும். சாமி படத்தைக் கத்தரித்து ஆற்றில் விடுகிற அப்பாவைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த அப்பாவை இழக்க அவருக்குத் துணிவு வரவில்லை. பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள்.

உடுமலைப்பேட்டையில் அடுத்த மாதம் போட்டி என்று யூனுஸ் சேதி கொண்டுவந்தார். பூஜிதாவை நாற்பது கிலோப் பிரிவில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். நரசிம்மலு பலகையில் அப்படியே எழுதினார். மறுநாள் காலையில் பார்த்தால் நாற்பதை அழித்து முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. பிள்ளையின் கையெழுத்து.

போன வாரம் ஒரு சாயங்காலம். மைதானத்தில் “சாரியட்” என்று குரல் கேட்டது. பிள்ளைகள் நேராக நிற்கிற நேரம். அதற்கு அடுத்த சொல் வரவில்லை. நரசிம்மலு நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. யூனுஸ் பூஜிதாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

பேப்பர்க் கட்டுகளின் மேல் கிடத்தினார்கள். கோணிப்பையோடு நிறுக்கக் காத்திருந்த வள்ளியாத்தாள் முந்தானையால் விசிறினாள். பின்வீட்டிலிருந்து அம்புஜம் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தாள். பிள்ளை கண் விழித்தாள்.

“எப்பக் கண்ணு சாப்ட்ட?” என்றார் யூனுஸ்.

அம்புஜம் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். பூஜிதா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

“வேண்டாம்மா. எடை ஏறிப்போயிரும்.”

“உன்னைய நாப்பதுல சேத்தியாச்சு அம்மணி. நீ கும்பாவோட தின்னாலும் எடை ஏறாது” என்றார் யூனுஸ்.

“இல்ல மாஸ்டர். நான் முப்பத்தாறுலயே நிப்பேன். அந்த மாங்காயத் திங்காம இருந்திருந்தா…” மீதி அழுகையில் போயிற்று. அம்புஜமும் அழுதாள். “நான்தானுங் மாஸ்டர் வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லி, புள்ள மனசுல வெசமாட்டம் ஏத்திப்போட்டேன்” என்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

நரசிம்மலு எழுந்தார். மூலைக்குப் போய்ச் சாக்குகளை விலக்கினார். இரண்டு கையாலும் கடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு தராசிடம் வந்தார். ஒரு தட்டில் சாமிக்கல் இருந்தது. மற்றதில் இதை வைத்தார். ஆடிவிடாமல் இரண்டு சங்கிலியையும் சமமாகப் பிடித்துக்கொண்டார்.

“பாரு கண்ணு. ரண்டுலயும் இருபதுன்னுதான் எழுதியிருக்குது.”

கையை எடுத்தார்.

கடைக்கல் இருந்த தட்டு இறங்கித் தரையில் டொக்கென்று உட்கார்ந்தது. சாமிக்கல் மேலே போய் அந்தரத்தில் ஆடியது.

“சேலத்துக்கு முந்தின நாளு உன்னைய நிறுத்தது இந்தக் கீழ கெடக்கற கல்லுல. அன்னிக்கு நாங் கல்ல மாத்த மறந்துபோட்டேன். மாங்காயில்ல அம்மணி. மாங்காயே இல்ல.”

அம்புஜத்தின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. யூனுஸ் தராசு முள்ளைப் பார்த்தார். வள்ளியாத்தாள் தரையில் உட்கார்ந்திருந்த தட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கோணிப்பையைப் பார்த்தாள். “எத்தன வருசமாவுங்?” என்று மெதுவாகக் கேட்டாள். சொல்லவேண்டிய பதில் தராசில் தொங்கிக்கொண்டிருந்தது.

பூஜிதா பேப்பர்க் கட்டின் மேல் எழுந்து உட்கார்ந்தாள். மேலே ஆடிக்கொண்டிருந்த கல்லையும் கீழே கிடந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

நரசிம்மலு அவளுக்கு நேர் எதிரில் வந்து நின்றார். தோள் துண்டை எடுத்துக் கீழே போட்டார். இரண்டு குதிகாலையும் சேர்த்தார். மை ஏறிய விரல்களைத் தொடையோடு ஒட்டினார். சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை காலமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமானபடி, இடுப்பிலிருந்து குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.